ஜாங்கோ செயலிக்கு மலிவான ஹோஸ்டிங்: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தான் மொழியில் வலைச் செயலி எழுத உதவும் ஜாங்கோவில் ஒரு செயலி எழுதி, லேப்டாப்பில் ஓடவும் வைத்தாயிற்று. இனி அதை நாலு பேர் பயன்படுத்த வேண்டும். இந்த இடத்தில்தான் பலர், கண்ணில் முதலில் படும் மலிவு ஹோஸ்டிங் திட்டத்துக்கு மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடுகிறார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அன்லிமிடெட் டிஸ்க், அன்லிமிடெட் பேண்ட்வித். சிறிய ஜாங்கோ செயலிக்கு இந்த இரண்டுமே பெரிய செலவில்லை. அதற்கு வேண்டியது நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிராசஸ் (இயங்கும் நிரல்), அது தங்குவதற்கு ரேம். இந்த இரண்டும் என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்று பார்த்தால்தான் எது மலிவு என்றே தெரியும்.

பிஎச்பி என்ற வலை மொழியில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் கோப்பைப் படித்து, பக்கத்தைக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான பிஎச்பி தளங்களை நெருக்கி வைக்க முடிகிறது. இப்படிப் பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங் மலிவாகக் கிடைப்பதும் அதனால்தான். ஜாங்கோவோ ஒருமுறை லோடு ஆகி, நினைவகத்திலேயே இருந்துகொண்டு, வரும் கோரிக்கைகளுக்கெல்லாம் பதில் சொல்லும். பிஎச்பிக்காக அமைத்த இடத்தில் அதை உட்காரவைத்தால் அடிக்கடி தூங்கும், அடிக்கடி கொல்லப்படும்.

சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் உள்ள சில ஷேர்டு ஹோஸ்டிங்குகளில் பைத்தான் செயலி அமைக்கும் வசதி உண்டு. அது பின்னால் பேசஞ்சர் என்ற மென்பொருளை வைத்து இயங்குகிறது. 'பைத்தான் சப்போர்ட் உண்டு' என்ற ஒரு வரியை நம்பி வாங்காதீர்கள். எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். ஜாங்கோ 5.2 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்குப் பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். தரவுத்தளம் மரியாடிபி என்றால் 10.5, மைஎஸ்க்யூஎல் என்றால் 8.0.11, போஸ்ட்கிரெஸ் என்றால் 14 முதல். சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் உள்ள சர்வரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரே கோப்பில் தரவை வைக்கும் எஸ்க்யூலைட்கூடப் போதிய புதிதாக இருக்காது. சர்வருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் உண்டா என்பதும் முக்கியம். அது இல்லாமல் தரவுத்தள அட்டவணைகளை அமைக்கும் மைக்ரேட் கட்டளை கொடுப்பதும், பைத்தானின் பிப் கருவியில் ஒரு பேக்கேஜ் நிறுவும்போது வரும் பிழையைப் பார்ப்பதும் பெரும்பாடு. பின்னணி வேலைகளைச் செய்யும் செலரி ஓட வேண்டிய செயலி என்றால் ஷேர்டு ஹோஸ்டிங்கை மறந்துவிடலாம். தினமும் ஒருமுறை நடக்கும் வேலை மட்டும்தான் என்றால், குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் க்ரான் போதும், செலரியே தேவையில்லை.

அடுத்து இலவசத் திட்டங்கள். கற்றுக்கொள்ளவும் நண்பர்களுக்குக் காட்டவும் அருமையானவை, நானும் பரிந்துரைப்பேன். ஆனால் ஒருவருடைய தொழில் அதை நம்பி நடக்கும்போது கதை வேறு. செயலிகளை ஓட்டித் தரும் ஹெரோகு தளம் பல வருடங்களாகக் கொடுத்துவந்த இலவசத் திட்டத்தை 2022 நவம்பர் 28 அன்று நிறுத்தியது. அதுபோன்ற இன்னொரு தளமான ரெண்டரின் இலவசச் சேவை 15 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும். அடுத்து வருபவர் அது எழுந்துகொள்ள ஒரு நிமிடம்போலக் காத்திருக்க வேண்டும். அங்கே இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு ஆயுள் 30 நாள்.

இதைவிட மோசமாகக் கடிப்பது டிஸ்க். திருச்சியில் ஒரு டியூஷன் சென்டருக்குக் கட்டணப் பதிவு செயலி செய்து கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் பணம் கட்டிய ரசீதைப் படம் எடுத்து ஏற்றுகிறார்கள். அன்று மாலை எல்லாம் சரியாகத் தெரிகிறது. மறுநாள் காலை பார்த்தால் பெயர்கள் இருக்கின்றன, ரசீதுப் படங்கள் மட்டும் திறக்கவில்லை. கோடில் தவறே இல்லை. ஹெரோகு போன்ற தளங்களில் கோப்பு அமைப்பு தற்காலிகமானது. புதிய கோடை ஏற்றும் ஒவ்வொரு டிப்ளாயிலும், நாளுக்கு ஒருமுறை நடக்கும் மறுதொடக்கத்திலும், பயனர்கள் ஏற்றும் கோப்புகள் இருக்கும் மீடியா ஃபோல்டரில் சேர்ந்ததெல்லாம் போய்விடும். தரவுத்தளமாக எஸ்க்யூலைட்டை வைத்திருந்தால் பெயர்களும் சேர்ந்தே போயிருக்கும். ஏற்றும் கோப்புகளை அமேசானின் எஸ்3 போன்ற, கோப்புகளைத் தனியாகச் சேமிக்கும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வைக்க வேண்டும். இல்லையென்றால் நிலையான டிஸ்க் தரும் திட்டத்தை எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

சரி, சின்ன விபிஎஸ் (நீங்களே நிர்வகிக்கும் மெய்நிகர் சர்வர்) எடுக்கலாம் என்று முடிவு செய்தால், ரேமைக் கணக்குப் போடாமல் ஆகக் குறைந்த திட்டத்தை எடுப்பதுதான் வழக்கமான தவறு. சர்வரில் ஜாங்கோவை ஓட்டும் ஜியூனிகார்னின் கையேடு, கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் பிராசஸ்களான வொர்க்கர்களின் எண்ணிக்கைக்கு ஒரு தொடக்கக் கணக்கு தருகிறது: சிபியு கோர்களின் இரண்டு மடங்கு, கூட ஒன்று. ஒரு கோர் என்றால் மூன்று வொர்க்கர். சாதாரணச் செயலியில் ஒரு வொர்க்கர் 50 முதல் 100 எம்பி வரை எடுத்துக்கொள்ளும். எக்செல் கோப்பைப் படிக்கப் பாண்டாஸ் என்ற பைத்தான் பேக்கேஜை இம்போர்ட் செய்திருந்தால் இன்னும் ஏறும். தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். 512 எம்பியில் இவ்வளவும் அடங்குவது கஷ்டம். அடங்காதபோது லினக்ஸ் தானே ஒரு பிராசஸைத் தேர்ந்து கொல்லும்; அது போஸ்ட்கிரெஸாக இருந்தால் செயலி மொத்தமும் நின்றுவிடும். 1 ஜிபி ரேமும், ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் ஸ்வாப் கொஞ்சமும் இருந்தால் மூச்சு விடலாம். ரேம் குறைவாகத்தான் கிடைக்கிறது என்றால் வொர்க்கரை இரண்டாகக் குறையுங்கள். டியூஷன் சென்டர் அளவுக்கு அது போதும். லோடு தாங்கவில்லை என்று சொல்லி ஜாங்கோவோடு வரும் சோதனைச் சர்வரான ரன்சர்வரையே அங்கே ஓட்டுபவர்களும் உண்டு. அது டெவலப்மெண்டுக்கு மட்டும் என்று ஜாங்கோவின் ஆவணமே தெளிவாகச் சொல்கிறது.

விபிஎஸ் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம், பராமரிப்பு உங்கள் தலையில் இருப்பது. பாதுகாப்பு அப்டேட், ஃபயர்வால், பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச் கீ எல்லாம் நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்கு நேரமோ விருப்பமோ இல்லாதவர், மாதம் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்து நிர்வகிக்கப்படும் தளத்தை எடுப்பதே லாபம் என்பது என் அபிப்பிராயம்.

தூரத்தை யாரும் விலைப்பட்டியலில் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு தகவல் போய்த் திரும்ப 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு ஏற்பட்டு முதல் எழுத்து வருவதற்குள் மூன்று முறையாவது போய்வர வேண்டும்; அதிலேயே அரை விநாடிக்கு மேல் போய்விடுகிறது. மும்பையிலோ பெங்களூருவிலோ டேட்டா சென்டர் உள்ள நிறுவனங்கள் நிறையவே இருக்கும்போது இதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. இதைவிடக் கொடுமை, செயலியை மும்பையில் வைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிறதே என்று தரவுத்தளத்தை அமெரிக்காவில் வைப்பது. ஜாங்கோ ஒரு பக்கத்துக்குத் தரவுத்தளத்துக்கு 20 வினவல் அனுப்புவது சாதாரணம். ஒவ்வொன்றும் 200 மில்லிசெகண்ட் என்றால் பக்கம் திறக்க நான்கு விநாடி. செயலியும் தரவுத்தளமும் ஒரே ஊரில், முடிந்தால் ஒரே நெட்வொர்க்கில் இருக்கட்டும்.

விலை விஷயத்தில் முதல் வருட விலையை ஒதுக்கிவிட்டு, புதுப்பிக்கும்போது என்ன விலை என்று பாருங்கள். பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். இந்தியாவில் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது. பாஸ்வேர்டு மீட்பு மெயில் போகவில்லை என்று வொர்க்கர் லாக்கைத் துழாவும் முன், மெயில் அனுப்பும் போர்ட்டுகளை ஹோஸ்டிங் நிறுவனம் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல விபிஎஸ் நிறுவனங்கள் மெயில் அனுப்பப் பயன்படும் 25ஆம் போர்ட்டைத் திறப்பதில்லை. அப்புறம், முடிந்தவரை மாதாமாதம் கட்டும் திட்டமாகத் தொடங்குங்கள். இரண்டு மாதம் நிஜமான பயனர்களோடு ஓடிய பிறகு ஒரு வருடத்துக்குக் கட்டலாம்.

பேக்கப் ஹோஸ்டிங்காரர் எடுப்பார் என்று இருந்துவிடாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுவதும் அழிந்தது. பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. தினமும் இரவு பிஜி-டம்ப் கட்டளையால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நகல் எடுத்து, வேறொரு நிறுவனத்தின் ஸ்டோரேஜுக்கு அனுப்ப ஒரு க்ரான் வரி போதும். அந்தக் கோப்பை மாதம் ஒருமுறை உங்கள் லேப்டாப்பில் உள்ள காலி தரவுத்தளத்தில் ஏற்றி, செயலியைத் திறந்து, நேற்று பதிவான கட்டணம் தெரிகிறதா என்று பாருங்கள்.