மனு போட்டவர் இறந்துவிட்டால்: அமெரிக்கக் குடும்ப விசாவைக் கைவிடாமல் தொடர்வது எப்படி

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ அக்காவோ நம்மை அங்கே வரவழைக்க ஐ-130 என்னும் குடும்ப மனு போட்டுவிட்டு, விசா வருவதற்குள் இறந்துவிட்டால் ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அவரே போயிட்டார், இனி எங்கே விசா?" அது பாதிதான் உண்மை. மனு போட்டவர் இறந்த அன்றே மனு ரத்தாகிவிடும் என்பது விதி. ஆனால் அதை மீண்டும் உயிர்ப்பிக்கவும் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். என் கணவர் தன் தம்பிக்காக 2003-ல் போட்ட மனு அப்படித்தான் பிழைத்தது. அவர் இடத்தில் ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்டது நான்.

அதற்குப் பிறகு கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் இதே துயரத்தோடு வந்தவர்கள் பலரோடு உட்கார்ந்து பேப்பர் பார்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் வக்கீலிடம் போகும் முன் எதைக் கையில் வைத்திருக்க வேண்டும், எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்பதைச் சொல்ல முடியும்.

இது அபூர்வமான நிலைமை இல்லை. உடன்பிறந்தவர்களுக்கான எஃப்4 பிரிவில் உலகம் முழுமைக்கும் சேர்த்து வருடத்துக்கு 65,000 விசாதான். அதற்கு மேல் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீத உச்சவரம்பு. அதனால் வரிசை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று மாதாமாதம் வரும் அரசு அறிவிப்பான விசா புல்லட்டினில், 2025-ல் இந்தியர்களுக்கு 2006-ல் போட்ட மனுக்கள்தான் நகர்ந்துகொண்டிருந்தன. நாற்பது ஐம்பது வயதில் மனு போடுகிறவர் அறுபது எழுபது வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. நடுவில் எதுவும் நடக்கலாம்.

முதலில் இரண்டு தேதிகள்

அமெரிக்கக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் அனுப்பிய ஐ-797 கடிதங்களைத் தேடி எடுங்கள். ஒன்று மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது. இன்னொன்று மனுவை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் அப்ரூவல் நோட்டீஸ். இரண்டையும் மனு போட்டவர் விலாசத்துக்குத்தான் அனுப்புவார்கள் என்பதால் பெரும்பாலும் இறந்தவரின் பீரோவில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் பழைய கார் இன்சூரன்ஸ் பேப்பர்களுக்கு அடியில் ஒரு பழுப்புக் கவரில் கிடைத்தது. கவரின் மேல் தம்பி பெயரும் ரசீது எண்ணும் என் கணவரின் கையெழுத்தில் இருந்தன. கடிதம் கிடைக்கவே இல்லை என்றால் எஃப்ஓஐஏ என்னும் தகவல் கோரிக்கை மூலம் யுஎஸ்சிஐஎஸ்ஸிடமிருந்து மனுவின் நகலைக் கேட்டு வாங்கலாம்.

இப்போது அப்ரூவல் தேதியையும் இறந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்ரூவல் முந்தையது என்றால் நம்பிக்கை உண்டு, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும். மனு நிலுவையில் இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார், உங்கள் குடும்பத்தில் யாரும் அமெரிக்காவில் வசிக்கவில்லை என்றால், அந்த மனுவைக் காப்பாற்ற வழி இல்லை (குடிமகனின் கணவன் அல்லது மனைவிக்கான மனு தவிர). இதை மறைத்து ஆசை காட்டுகிற ஏஜெண்டுகளிடம் பணம் கொடுக்காதீர்கள்.

யாராவது ஒருவர் அமெரிக்காவில் வசித்தாரா?

இது இரண்டாவது கேள்வி, பலர் கேட்கத் தவறுகிற கேள்வியும் கூட. 2009 அக்டோபர் 28-ல் வந்த 204(எல்) என்ற பிரிவின்படி, மனு போட்டவர் இறந்த நாளில் பயனாளி (யாருக்காக மனு போடப்பட்டதோ அவர்) அமெரிக்காவில் வசித்து, இன்னும் அங்கேயே வசிக்கிறார் என்றால், மனு அப்ரூவல் ஆகியிருந்தாலும் நிலுவையில் இருந்தாலும் தொடரலாம். அன்றைய தினம் அவர் ஊருக்கு லீவில் வந்திருந்தாலும் பரவாயில்லை. வசிப்பிடம் எது என்பதுதான் கணக்கு.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. குடும்பத்தில் எல்லோரும் அங்கே வசிக்க வேண்டும் என்பதில்லை. தம்பியும் அவர் மனைவியும் திருச்சியில் இருக்கலாம். மனுவில் சேரக்கூடிய அவர்களுடைய மகள் டெக்சாஸில் மாணவி விசாவில் படித்துக்கொண்டிருந்தால், அந்த ஒருத்தியின் வசிப்பை வைத்தே முழுக் குடும்பத்துக்கும் இந்தப் பிரிவைக் கேட்கலாம். வாடகை ஒப்பந்தம், கல்லூரிப் பதிவுகள், வங்கிக் கணக்கு அறிக்கை என்று அவள் வசித்ததைக் காட்டும் ஆதாரங்களைச் சேர்த்து வையுங்கள். இந்த வழி உங்களுக்குத் திறந்திருந்தால் இதையே பிடியுங்கள். அடுத்து நான் சொல்லப்போவதை விட இது சுலபம்.

இறந்தவர் அமெரிக்கக் குடிமகன், நீங்கள் அவருடைய மனைவி அல்லது கணவர் என்றால் கதையே வேறு. நிலுவையில் இருக்கும் ஐ-130 தானாகவே ஐ-360 மனுவாக, அதாவது துணையை இழந்தவர் தனக்காகப் போடும் மனுவாக மாறிவிடும். மனுவே போடவில்லை என்றாலும், அவர் இறந்த 2 வருடத்துக்குள் நீங்களே ஐ-360 போடலாம். மறுமணம் செய்திருக்கக் கூடாது, இறந்தபோது சட்டப்படி பிரிந்திருக்கக் கூடாது. ஸ்பான்சர் தேவையில்லை. 21 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகளும் சேர்ந்து வரலாம்.

அப்பா அம்மாவுக்காக மனு போட்ட பிள்ளை இறந்துவிட்டால், இன்னொரு பிள்ளை குடிமகனாக இருக்கிறாரா என்று பாருங்கள். பெற்றோர் பிரிவுக்கு வரிசை கிடையாது, புது மனு போடுவதே நல்லது. உடன்பிறந்தவர் மனுவில் மட்டும் இந்த யோசனை வேண்டாம். இன்னொரு அக்கா புதிதாகப் போட்டால் வரிசையின் கடைசியிலிருந்துதான் நிற்க வேண்டும்.

ரத்தான மனுவை உயிர்ப்பிக்கும் கோரிக்கை

ஊரில் இருப்பவர்களுக்கு மிஞ்சுவது ஹியூமானிடேரியன் ரீஇன்ஸ்டேட்மென்ட். மனிதாபிமான அடிப்படையில் மனுவை மீட்டுக் கொடுங்கள் என்று கேட்பது. இதற்குப் படிவம் கிடையாது, கட்டணமும் கிடையாது. மனுவுக்கு அப்ரூவல் கொடுத்த அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் ஆதாரங்களும் அனுப்ப வேண்டும். கேட்க வேண்டியவர் பயனாளிதான், அதாவது தம்பி. என் பெயரில் நான் கேட்க முடியாது. மீட்டுக் கொடுத்தால் பழைய பிரையாரிட்டி தேதி, அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் மனு போட்ட தேதி, அப்படியே இருக்கும், மனைவி மக்களும் அவரோடு வரலாம்.

கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்புரிமை. மறுத்தால் அப்பீல் கிடையாது. அதனால் அந்தக் கடிதத்துக்கு நேரம் செலவழியுங்கள். அதிகாரிகள் பார்ப்பது இவற்றை: மனு ரத்தானதால் அமெரிக்காவில் இருக்கும் குடும்பம் எப்படிக் கலைகிறது, அங்கே குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு என்ன கஷ்டம், பயனாளி வயதானவரா, நோயாளியா, போய்ச் சேர வேறு வீடு உண்டா, அரசுத் தரப்பில் அளவுக்கு மீறிய தாமதம் நடந்ததா, அமெரிக்காவில் நெருங்கிய சொந்தம் எவ்வளவு.

நான் பார்த்த கடிதங்களில் பெரும்பாலானவை "என் அண்ணன் எங்களை மிகவும் நேசித்தார், அவர் ஆசை நிறைவேற வேண்டும்" என்றுதான் இருக்கும். மனசுக்கு அது உண்மை. ஆனால் அதிகாரி தேடுவது அமெரிக்காவில் இருப்பவரின் கஷ்டத்தை. எங்கள் விஷயத்தில் மாமியார் என்னோடு இருந்தார், கிரீன் கார்டு வைத்திருப்பவர். என் கணவர்தான் அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவார். அவர் போன பிறகு மாமியாருக்கு மிஞ்சிய ஒரே மகன் திருச்சியில். கடிதத்தில் இப்படி எழுதினோம்: "வாரத்துக்கு மூன்று நாள் என் அம்மாவுக்கு டயாலிசிஸ். அண்ணன் இருந்தவரை அவர் அழைத்துப் போனார். இப்போது அண்ணி வேலையிலிருந்து அரை நாள் விடுப்பு எடுத்துப் போகிறார், அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை. அம்மாவுக்கு உயிரோடு இருக்கும் ஒரே மகன் நான்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பேப்பர் இணைத்தோம். மருத்துவமனைக் கடிதம், என் சம்பளச் சீட்டில் விடுப்புக் கழித்த விவரம், மாமியாரின் கிரீன் கார்டு நகல், உறவைக் காட்டும் சான்றிதழ்கள். பேப்பர் இல்லாத வாக்கியத்தை எடுத்துவிட்டோம்.

இணைக்க வேண்டிய மற்றவை: அப்ரூவல் நோட்டீஸ் நகல், இறப்புச் சான்றிதழ், மாற்று ஸ்பான்சரின் ஐ-864 (வருகிறவர்களுக்குப் பணப் பொறுப்பு ஏற்கும் படிவம்). இறப்புச் சான்றிதழை ஈமச்சடங்கு நடத்தும் ஃபியூனரல் ஹோம் மூலமாகவே கூடுதல் பிரதிகளாக வாங்கிவிடச் சொல்லுங்கள். பல மாநிலங்களில் நெருங்கிய குடும்பத்துக்குத்தான் தருவார்கள், ஊரிலிருந்து கேட்டால் இழுத்தடிக்கும். தமிழில் இருக்கும் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும். பெயர்களைச் சரிபாருங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக, வேறொன்றில் வேறு ஸ்பெல்லிங் என்று இருந்தால் எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு அஃபிடவிட் போட்டுவிடுங்கள்.

மாற்று ஸ்பான்சர் யார்?

204(எல்) ஆனாலும் ரீஇன்ஸ்டேட்மென்ட் ஆனாலும் இறந்தவருக்குப் பதிலாக ஒருவர் ஐ-864 கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அவர் 18 வயது நிறைந்த குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும், அமெரிக்காவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். யாராவது நல்ல மனசுக்காரர் போதாது. பயனாளிக்குக் கணவன், மனைவி, பெற்றோர், மாமனார், மாமியார், பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தவர், அண்ணி, மச்சான், நாத்தனார், கொழுந்தன், தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள், சட்டப்படியான கார்டியன் இவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். பட்டியலில் மாமா, அத்தை, சித்தப்பா, பெரியப்பா இல்லை. அண்ணன் மகனும் இல்லை. நல்ல சம்பளம் வாங்கும் அண்ணன் மகனை நம்பி இருந்துவிட்டு, அவர் தகுதி இல்லை என்று கடைசியில் தெரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு.

ஆக, எஃப்4 மனுக்களில் பெரும்பாலும் அண்ணிதான் ஒரே வழி. இங்கேதான் எனக்கு ஊரில் இருப்பவர்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. என் கொழுந்தனார் என்னிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. துக்க வீட்டில் விசா பேச்சு எடுப்பது பாவம் என்று நினைத்தார். எனக்கோ மனு ஒன்று நடுவில் நிற்கிறது என்பதே ஞாபகத்தில் இல்லை. அந்தக் கவர் கண்ணில் படாமல் போயிருந்தால் இரண்டு பேருமே பேசாமல் இருந்திருப்போம். காரியம் முடிந்து கொஞ்சம் ஆறிய பிறகு, "அண்ணி, ஒரு பேப்பர் விஷயம் உங்களிடம் கேட்கணும்" என்று கேட்டுவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கணவர் ஆரம்பித்த காரியத்தை முடித்துவைக்கும் வாய்ப்பு அவருக்கும் வேண்டும்.

அதே சமயம் அண்ணிக்கு முழுசாகச் சொல்லுங்கள். ஐ-864 சும்மா ஒரு கையெழுத்து இல்லை, சட்டப்படியான ஒப்பந்தம். வருகிறவர்கள் குடியுரிமை வாங்கும் வரை, அல்லது 40 காலாண்டு (சுமார் பத்து வருட) வேலைக் கணக்கு சேரும் வரை பொறுப்பு அவர்மேல்தான். வருமானமும் போதுமா என்று பார்க்க வேண்டும். வறுமைக் கோட்டின் 125 சதவீதம் கேட்பார்கள். அண்ணி, அவரைச் சார்ந்த மகள், வரப்போகிற மூன்று பேர் என 5 பேர் கணக்கு என்றால் 2025 அளவுப்படி வருடம் 47,062 டாலர். குறைந்தால் சேமிப்பையோ வீட்டையோ காட்டலாம், ஆனால் பற்றாக்குறையைப் போல 5 மடங்கு மதிப்பு வேண்டும். அதுவும் முடியாவிட்டால் கூட்டு ஸ்பான்சர் ஒருவரைச் சேர்க்கலாம். கூட்டு ஸ்பான்சருக்கு உறவு தேவையில்லை, அண்ணன் மகன் உதவிக்கு வரக்கூடிய இடம் இதுதான்.

செய்யக் கூடாதது

இறந்ததைச் சொல்லாமல் போய்விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நேர்காணலில் அண்ணன் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்பதுதான் முதல் கேள்விகளில் ஒன்று. மறைத்து விசா வாங்கினால் அது மோசடியாகக் கருதப்பட்டு, நிரந்தரத் தடை வரும். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய பிறகு, விமானம் ஏறும் முன் அவர் இறந்தாலும் சரி, தூதரகத்துக்குச் சொல்லிவிட்டு மனுவை மீட்கக் கேட்பதுதான் பாதுகாப்பு.

மீட்ட பிறகு

நேர்காணலுக்கு முன் பேப்பர்களைச் சேகரிக்கும் அலுவலகமான நேஷனல் விசா சென்டருக்கு ஃபைல் திரும்பும். பிரையாரிட்டி தேதி வந்ததும் கட்டணம், டிஎஸ்-260 என்னும் ஆன்லைன் விசா விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் என்று வழக்கமான பாதைதான். ஐ-864 பழையதாகியிருந்தால் புது வரிக் கணக்கோடு மறுபடி போட வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் 21 வயதுக்குள் இருந்தால்தான் சேர்ந்து வர முடியும், அதனால் அவர்கள் வயதை மட்டும் இப்போதே கணக்குப் பாருங்கள். மனு நிலுவையில் இருந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்க சட்டம் அனுமதிக்கிறது. 2003-ல் போட்டு 2008-ல் அப்ரூவல் என்றால் ஏறக்குறைய ஐந்து வருடம் கழியும். விசா தேதி வரும்போது 24 வயதுப் பையன் 19 ஆகக் கணக்கிடப்படுவான், கல்யாணம் ஆகாமல் இருந்தால். தேதி வந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பத்தை ஆரம்பித்தால்தான் இந்தச் சலுகை நிற்கும். ரீஇன்ஸ்டேட்மென்ட் கோரிக்கை பதில் வராமல் கிடக்கும்போது தேதி வந்துவிட்டால், அந்த நேரத்தில் வக்கீல் ஒருவரைப் பிடிப்பதற்குச் செலவைப் பார்க்காதீர்கள்.