கருவி மாறியது, கணக்கும் மாறியது: தரவு ஒருங்கிணைப்புக் கருவியை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் 12 என்றால் டெல்டாவில் யாருக்கும் விளக்கம் வேண்டாம், வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் நாள். நாங்கள் புதிதாக எழுதிய நிரலுக்கு மட்டும் அது டிசம்பர் 6. முகவர்கள் அனுப்பிய கோப்பில் விதைநெல் கொடுத்த தேதி 12/06 என்று இருந்தது. நிரல் அதை அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்துப் படித்துவிட்டது. 13/06 முதல் 30/06 வரை எல்லாம் சரி, 13ஆம் மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் அங்கே தானாகவே திருப்பிப் போட்டுக்கொண்டது. 1ஆம் தேதி விதை வாங்கியவர் ஜனவரி 6, 2ஆம் தேதி வாங்கியவர் பிப்ரவரி 6 என்று குறுவைக்காரர்கள் வருஷம் முழுக்கச் சிதறிவிட்டார்கள். ஜூன் 6 அன்று வாங்கியவர் மட்டும் தப்பித்தார்.

பைத்தான் நிரல்மொழியில் தரவைக் கையாள உதவும் பாண்டாஸ் என்ற நிரல்தொகுப்பில் பதிப்பு 2க்கு முன்பு இப்படித்தான் நடக்கும், ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாக ஊகிக்கும். பதிப்பு 2 முதல், முதல் வரியைப் பார்த்து ஒரு வடிவத்தை முடிவு செய்து, பிறகு ஒத்துவராத தேதி வந்தால் பிழை காட்டி நின்றுவிடும். நிற்பதே மேல். தேதி வடிவத்தை ஊகத்துக்கு விடாமல் நாள், மாதம், ஆண்டு என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நான் இருப்பது கும்பகோணத்தில். அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் தரவு வேலை செய்கிறேன். எடைமேடையில் விழும் எடை, டேலியில் இருக்கும் கணக்கு, முகவர்கள் அனுப்பும் எக்செல் எல்லாவற்றையும் இரவில் இழுத்து, சுத்தம் செய்து, ஒரே தரவுத்தளத்தில் சேர்ப்பதுதான் தரவு ஒருங்கிணைப்பு. இதற்குப் பல வருஷம் டேலண்ட் ஓப்பன் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பு போதுமானதாக இருந்தது. 2023இல் கிளிக் (Qlik) நிறுவனம் டேலண்டை வாங்கியது, 2024 ஜனவரி 31 உடன் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டது. ஆக ஆசைப்பட்டு மாறியவர்கள் இல்லை நாங்கள், மாற வேண்டி வந்தது. பைத்தானுக்கும், வேலைகளை நேரப்படி ஓட்டும் ஏர்ஃப்ளோவுக்கும் போனோம்.

போகும்போது தெரிந்தது ஒன்று. திரையில் தெரியும் பெட்டிகளையும் அம்புகளையும் புதிய கருவியில் வரைந்துவிடலாம், அது ஒரு மாத வேலை. பழைய கருவி யாரிடமும் சொல்லாமல் செய்துகொண்டிருந்த காரியங்கள்தான் ஆளை வாட்டும்.

புரியாததைத் திருத்துவது

இது நான் செய்த தவறு. பழைய ஜாப் ஒன்றில் (தானாக ஓடும் வேலையை ஜாப் என்போம்), சில முகவர்களின் மூட்டை எண்ணிக்கையை 62ஆல் பெருக்கும் சின்னச் சூத்திரம் இருந்தது. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ, அது தெரியும். தனியாரில் 60 கிலோ மூட்டை, அதுவும் தெரியும். 62ஐ யாரோ தப்பாக அடித்திருக்கிறார்கள் என்று நினைத்து 60 ஆக்கிவிட்டேன். நல்லது செய்த திருப்தி வேறு.

பத்து நாள் கழித்து ஆலையின் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்.

"தம்பி, அந்த ரெண்டு கிலோ எங்க போச்சு?"

"எந்த ரெண்டு கிலோங்கய்யா?"

"சாக்குக்கும் ஈரத்துக்கும் சேத்து ரெண்டு கிலோ கூடத்தான எடை போட்டு வாங்குறோம். அறுபத்திரெண்டுன்னு எழுதி வச்சவனே நான்தான்."

அது நியாயமான வழக்கமா என்பது வேறு விவகாரம், அதைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு. ஆனால் ஆலைக்கு உண்மையில் உள்ளே வந்த எடை அதுதான். புரியாத எண்ணைப் பார்த்தால் முதலில் அப்படியே நகலெடுத்து ஓட்டுங்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். மாற்றுவதும் திருத்துவதும் ஒரே வாரத்தில் நடந்தால், கணக்கு இடிக்கும்போது காரணம் எதுவென்று கண்டுபிடிக்கவே முடியாது.

மாவட்டப் பெயரும் இதே கதை. சீர்காழி 2020 டிசம்பர் வரை நாகப்பட்டினம் மாவட்டம், அதன் பிறகு மயிலாடுதுறை மாவட்டம். பழைய ஜாப்பில் இதற்கென்று ஒரு சின்ன அட்டவணை ஒளிந்திருந்தது. அதை விட்டுவிட்டு வந்தால் பழைய வருஷ அறிக்கைகள் எல்லாம் தலைகீழ்.

வெற்றிடம் எல்லாக் கருவிக்கும் ஒன்றல்ல

ஆரக்கிள் தரவுத்தளத்தில் காலியான எழுத்துச்சரமும் நல் (NULL, மதிப்பே இல்லை) என்பதும் ஒன்றுதான். எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் இரண்டும் வேறு வேறு. "கைபேசி எண் இல்லாதவர்கள்" என்று பட்டியல் எடுத்தால் ஓர் இடத்தில் நூறு பேர் வருவார்கள், இன்னோர் இடத்தில் பத்துப் பேர் வருவார்கள்.

பாண்டாஸ் இன்னும் வேடிக்கை. சிஎஸ்வி கோப்பைப் படிக்கும்போது என்ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்து வந்தால், 'மதிப்பு இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். ஆலையில் மாவட்டங்களுக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் வைத்திருந்தார்கள். நாகப்பட்டினத்துக்கு என்ன சுருக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இரவில் நாகை விவசாயிகள் எல்லோரும் மாவட்டம் இல்லாதவர்களாகிவிட்டார்கள். அதே கோப்பில் அஞ்சல் குறியீடு ஒன்றிரண்டு வரிகளில் காலியாக இருந்ததால், அந்தப் பத்தி (நெடுவரிசை) முழுவதையும் தசம எண்ணாக்கி 612001ஐ 612001.0 என்று எழுதி வைத்தது. முன்னால் பூஜ்யம் உள்ள குறியீடு எண்கள் பூஜ்யத்தையே இழந்துவிடும். பரிகாரம் எளிது: குறியீடு, கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் எண்ணாக இல்லாமல் எழுத்தாகவே படிக்கச் சொல்லுங்கள். கூட்டிக் கழிக்காத எதுவும் எண் இல்லை.

மைக்ரோசாஃப்டின் தரவு ஒருங்கிணைப்புக் கருவியான எஸ்எஸ்ஐஎஸ் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஓர் அட்டவணையின் வரியை இன்னொன்றில் தேடிப் பொருத்தும் அதன் லுக்அப்பை, முழு கேஷ் முறையில் (அட்டவணையை முதலிலேயே நினைவகத்தில் ஏற்றி) ஓட்டினால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்கும். அதையே எஸ்கியூஎல் சர்வரில் இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயினாக எழுதினால், பெரும்பாலான இடங்களில் பார்க்காது, கடைசியில் ஒட்டியிருக்கும் இடைவெளியையும் கண்டுகொள்ளாது. பொருந்தும் வரிகளின் எண்ணிக்கை கூடும். கூடுவதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள்.

தசமத்தை முழு எண்ணாக்குவதும் அப்படித்தான். 2.5ஐ எஸ்கியூஎல் சர்வர் 3 என்று சொல்லும், பைத்தான் 2 என்று சொல்லும்.

தமிழ் எழுத்து

வெளியே இருந்து வரும் ஆலோசகர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் நம் ஊரில் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் தமிழில்தான் வரும்.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். கும்பகோணம் என்பதை எண்ணிப் பாருங்கள்: மெய்யின் புள்ளி, உகரக் குறி, ஓகாரக் குறி எல்லாம் சேர்த்து 10 குறிகள், 30 பைட். மயிலாடுதுறை 11 குறிகள், 33 பைட். ஆரக்கிளில் எழுத்துப் பத்திக்கு வார்கேர்2 வகையில் நீளம் 30 என்று போட்டால், வேறு எதுவும் சொல்லாதவரை அது 30 பைட். கும்பகோணம் நூல் பிடித்தாற்போல் உள்ளே போகும், மயிலாடுதுறை போகாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அதே 30 என்பது 30 எழுத்துக் குறிகள், இரண்டும் தாராளமாகப் போகும். எஸ்கியூஎல் சர்வரில் வழக்கமான வார்கேர் பத்தியில் போட்டால் வரிசையாகக் கேள்விக்குறிதான் மிஞ்சும், அங்கே யூனிகோடு ஏற்கும் என்வார்கேர் வேண்டும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 'கோ'வின் ஓகாரத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் எடைமேடைக் கோப்பில் ஒரு விதமாகவும், முகவர் எக்செலில் இன்னொரு விதமாகவும் இருந்தால், கும்பகோணமும் கும்பகோணமும் பொருந்தாது. நான் அரை நாள் அந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தின் நீளத்தை எண்ணச் சொன்ன பிறகுதான் ஒன்று 10, இன்னொன்று 11 என்று தெரிந்தது.

உள்ளே வரும் எல்லாத் தமிழையும் வாசலிலேயே என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், பைத்தானில் ஒரே வரி வேலை. அதற்கும் பிடிபடாத ஒன்று ஔகாரம். கௌரி என்பதை 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்கள் ஏராளம். அதற்குத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் யூனிகோடே அல்ல, அவற்றை மாற்றி எடுத்த பிறகே தொடுங்கள்.

நேரம்

ஏர்ஃப்ளோவில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அதன் கடிகாரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நள்ளிரவு என்று போட்டால் நமக்கு விடிகாலை 5.30. அறிக்கை தாமதமாக வருவது பெரிய விஷயம் இல்லை. ஒரு நாளின் எல்லையையே யூடிசியில் வைத்தால்தான் வினை: இரவு 12 மணிக்கு மேல் 5.30க்குள் எடைமேடை ஏறும் லாரிகள் எல்லாம் முந்தின நாள் கணக்கில் விழும். அறுவடைக் காலத்தில் லாரிகள் ராத்திரியில்தான் அதிகம்.

இன்னொன்று, தொடக்கத் தேதியைப் பழைய தேதியாகக் கொடுத்தால், ஏர்ஃப்ளோ 2 வரிசையில் விடுபட்ட நாட்களை எல்லாம் தானாகவே ஓட்டிவிடும். பதிப்பு 3இல் இது இயல்பாக அணைந்திருக்கும். எங்களிடம் ஓடிய ஜாப், விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஜாப். மூன்று மாதத்துக்கு முந்தைய 'பணம் வரவு வைக்கப்பட்டது' செய்திகள் ஒரே காலையில் மறுபடி போயின. நாலு பேர் வங்கிக்கே போய்விட்டார்கள். புதிய கருவியைச் சோதிக்கும்போது வெளியே போகும் செய்தி, மின்னஞ்சல், பணப் பரிமாற்றம் எல்லாவற்றையும் அடைத்து வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

பழையதை எப்போது நிறுத்துவது

குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர். சம்பா ஜனவரி, பிப்ரவரி. இந்த மாதங்களில் மாற்றாதீர்கள். ஏப்ரல் 1 நிதியாண்டுத் தொடக்கம், சுத்தமான நாள் என்று சிலர் அதைப் பிடிப்பார்கள், அன்றைக்குக் கணக்குப்பிள்ளை உங்கள் முகத்தில் விழிக்கவே மாட்டார். எங்களுக்கு மே மாதம் ஒத்துவந்தது.

இரண்டு கருவியையும் சேர்ந்தாற்போல் ஒரு மாதமாவது ஓட்ட வேண்டும். வரிகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மேலே சொன்ன ஜூன் 12 விஷயத்தில் எண்ணிக்கை கச்சிதமாகப் பொருந்தியது, நாகை விஷயத்திலும் பொருந்தியது. மாவட்டவாரியாக எடை, மாதவாரியாகத் தொகை, ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை காலி என்று எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். பைசா வித்தியாசம் வந்தாலும் காரணம் எழுதி வையுங்கள். வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் வந்துவிட்டது என்று மதகை மூடிவிட்டு வந்தால், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் சும்மா விடுவாரா? எங்கள் கடைமடை பேராவூரணிக் கிளையின் ஒரு பக்க அறிக்கை. அதை மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒருவர்தான் திறப்பார். கடைசியாகச் சரிசெய்ததும் அதைத்தான்.

பழைய கணினியை உடனே அழிக்க வேண்டாம். எங்களுடையது ஆலை அலுவலகத்தில் தவிட்டுத் தூசி படிந்து ஒரு மூலையில் இருக்கிறது. ஜாப்கள் ஓடாது, திறந்து பார்க்க மட்டும். போன வாரம்கூட ஒரு சூத்திரத்தைப் பார்க்க அதைத் திறந்தேன், இந்த முறை எண் 75. கணக்குப்பிள்ளையைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும், அவர் ஊருக்குப் போயிருக்கிறார்.