அலங்காரப் புல் வாங்கும் முன் வேரைப் பாருங்கள்

நர்சரியில் அலங்காரப் புல் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், எவ்வளவு உயரம் வரும் என்று கேட்கிறார்கள், விலை பேசுகிறார்கள், வேரைப் பார்ப்பவர்கள் குறைவு. பையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். ஓட்டை வழியாக வெள்ளையாக, தடித்து, நுனி கூராக ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது வேர் இல்லை, மண்ணுக்குள் படுத்தபடியே ஓடுகிற தண்டு. அதன் கணுக்களிலிருந்து புதுச் செடிகள் கிளம்பும். மெல்லிய நார்வேர் மட்டும் பந்தாகச் சுற்றியிருந்தால் அது தூர் கட்டுகிற வகை, நட்ட இடத்திலேயே பருத்து நிற்கும்.

எலுமிச்சைப்புல், வெட்டிவேர், சிவப்பு பென்னிசெட்டம் எல்லாம் தூர் வகை. வெள்ளை வரி போட்ட அருண்டோ, ஜப்பான் சிவப்புப் புல் இரண்டும் ஓடுகிறவை. தர்ப்பை என்று நாம் சடங்குக்கு எடுக்கிற புற்களில் ஒன்றின் நிற ரகம்தான் அந்தச் சிவப்புப் புல். சிவப்பு இலைகளுக்கு நடுவே முழுப் பச்சையாக ஒரு குருத்து வந்தால் விட்டுவைக்காதீர்கள், அன்றைக்கே கிழங்கோடு, அதாவது மண்ணுக்குள் ஓடுகிற அந்தத் தண்டோடு, தோண்டி எடுங்கள். பச்சைக்குத் திரும்பிய பகுதிக்கு வேகம் அதிகம், கொஞ்ச நாளில் சிவப்பை அமுக்கிவிடும்.

அதற்காக ஓடுகிற புல்லே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வெயில் சாயும் நேரத்தில் அருண்டோவின் வரி இலைகள் காற்றில் அசைவதைப் பார்த்தவர்களுக்கு அதை விட மனசு வராது. உறைக்குள் நடுங்கள், அவ்வளவுதான். கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை சேலத்தைச் சுற்றி எங்கும் கிடைக்கும். 3 அடி அகலத்தில், 1 அடி உயரத்தில் இரண்டு வாங்கி, குழி வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, நடுவில் உள்ள இணைப்பை உள்ளும் புறமும் சிமெண்ட் கலவையால் நன்றாக அடைத்துவிடுங்கள். இணைப்பில் விரல் நுழையாத சந்து இருந்தாலும் அந்தக் கூர்நுனி கண்டுபிடித்துவிடும். அடியில் மூட வேண்டாம், தண்ணீர் இறங்க வேண்டும். உறையின் விளிம்பு தரைக்கு மேலே 3 அங்குலமாவது தெரியட்டும். பலர் அழகுக்காக விளிம்பையும் மண்ணால் மூடிவிடுகிறார்கள், புல் அதன்மேல் ஏறித்தான் வெளியே வரும். மழை மாதங்களில் 15 நாளைக்கு ஒருமுறை விளிம்பைச் சுற்றி ஒரு நடை போய், தாண்டி வந்ததை வெட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே பாதியைத் தோண்டி எடுக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு நெருக்கி உறையையே விரிசல் விட வைக்கும், நடுத்தூரும் செத்துப்போகும்.

ஏற்காட்டில் எங்கள் இடத்தில் அருண்டோவை நான் உறை இல்லாமல் வேலி ஓரத்தில் நட்டேன். அங்கே மழையும் ஈரமும் சேலத்தைவிட அதிகம், இரண்டாவது வருஷமே வேலிக்கு அந்தப்பக்கம், பக்கத்துக்காரரின் காப்பிச் செடிகளுக்கு நடுவே வரி இலை எட்டிப் பார்த்தது. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, அவர் சத்தம் போடாமல் கடப்பாரையை எடுத்து வந்து கூட நின்றார். அந்தத் தோண்டலில்தான் முறையைக் கற்றுக்கொண்டேன். இழுக்கக் கூடாது. இழுத்தால் கணுவில் ஒடிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும், அது மறுபடி முளைக்கும். மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மண் கையில் பிசைய வருகிற பதத்தில் இருக்கும்போது, தள்ளி நின்று கடப்பாரையால் நெம்பித் தளர்த்தி, பிறகு விரலால் மண்ணை விலக்கிக்கொண்டே கிழங்கைத் தொடர்ந்து போக வேண்டும். பார்க்க இஞ்சி மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கும், மேலே பழுப்புச் செதில், உடைத்தால் உள்ளே வெள்ளை. கட்டைவிரல் அளவு துண்டுகூட விடக்கூடாது. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் இயந்திரம் ஓட்டுவதை நினைத்தே பார்க்காதீர்கள், ஒரு கிழங்கை நூறாக்கிக் கொடுத்துவிடும்.

எடுத்ததை எருக்குழியில் போடாதீர்கள், ஓடையில் வீசவே வீசாதீர்கள். அருண்டோ தண்ணீரோடு போய் ஒதுங்கிய இடத்தில் வேர் விடும், மலையில் இருக்கிற நமக்குக் கீழே எத்தனையோ பேருடைய நிலம் இருக்கிறது. சேலத்து வெயில் இதற்கு நல்ல துணை: சித்திரை மாதம் மொட்டைமாடித் தளத்தில் பரப்பி, மூன்று வாரம் புரட்டிப் புரட்டிக் காயவிட்டு, ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை விடுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் அப்படிக் காயாது, சாக்கில் கட்டிக் கீழே கொண்டுவருவதுதான் வழி. தோண்ட முடியாத இடத்தில், பாறைச் சந்து மாதிரி, முளை ஒரு சாண் வரும்போதெல்லாம் வெட்டிக்கொண்டே இருங்கள். இலை இல்லாமல் கிழங்கு எத்தனை நாள்தான் தாங்கும்? ஆனால் அது சாக ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம், நடுவில் விடக்கூடாது.

தூர் வகையும் முழுக்கச் சாது என்று எண்ண வேண்டாம். பச்சை இலை பென்னிசெட்டம் விதையால் பரவும், கதிர் முற்றிப் பஞ்சு பறக்கும் முன் அறுத்துவிடுங்கள். சிவப்பு ரகம் பெரும்பாலும் முளைக்கிற விதை வைப்பதில்லை, அதனால் அதையே வாங்கச் சொல்வேன். தை கடைசியில் தூரைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு சாண் விட்டு அரிவாளால் அறுங்கள். கட்டினால் சோகை சிதறாது, ஒரே கட்டாகத் தூக்கிப் போடலாம். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள், பம்பாஸ் என்கிற தூர் வகைப் புல்லின் இலை ஓரம் கத்தி மாதிரி அறுக்கும். கோடையில் மலையடிவாரத்தில் தீப் பிடிக்கிற காலத்துக்கு முன்னால் காய்ந்த புல் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்காமல் இருப்பதும் நல்லது.

சரிவான இடம் என்றால் யோசிக்காமல் வெட்டிவேர். வேர் நேராக 2, 3 மீட்டர் கீழே இறங்கும், பக்கவாட்டில் ஓடாது. ஆடி மழையில் நான்கு அங்குல இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே ஒரே வரிசையாக நடுங்கள். முதல் வருஷம் செத்துப்போன இடத்தை மட்டும் பார்த்து நிரப்புங்கள்.