அக்ரிலிக்கில் நுணுக்கமான உருவம் வெட்ட எந்தக் கருவி?

‘மார்த்தாண்டம்’ என்ற பெயரை 3 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டிப் பலகையில் ஒட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துணைக்கால்கள் தனியாக நிற்கும் எழுத்துரு என்றால் ஒன்பது துண்டு, புள்ளிகள் நான்கு, ஆக 13. ‘த’வின் வயிற்றிலும் ‘ண’வின் சுழியிலும் உள்ஓட்டை வேறு. கருவி வாங்குமுன் அந்தச் சுழியைத்தான் ஸ்கேல் வைத்து அளக்கவேண்டும். படத்தில் இருப்பதிலேயே குறுகலான இடத்துக்குள் எது நுழைந்து திரும்புமோ, அதுதான் உங்கள் கருவி.

அதற்கும் முன்னால் ஷீட். கடையில் ‘காஸ்ட்’, அதாவது அச்சில் ஊற்றிச் செய்தது, என்று கேட்டு வாங்குங்கள். உருக்கி இழுத்துச் செய்த ‘எக்ஸ்ட்ரூடட்’ விலை குறைவு, ஆனால் சீக்கிரம் இளகி பிளேடில் அப்பிக்கொள்ளும். அக்ரிலிக் சுமார் 100 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் பொருள். பிளேடு உரசும் சூடே அதற்குப் போதும். ஒரு ஓரத்துண்டை வெட்டிப் பாருங்கள்: தூள் பொலபொலவென்று உதிர்ந்தால் நல்லது, நூலாக இழுத்தால் வேகம் அதிகம் அல்லது ஷீட் சரியில்லை.

ஒன்றிரண்டு உருப்படிக்கு, மெல்லிய பிளேடு பூட்டிய கைவாளான ஃப்ரெட் சா போதும். மலிவு, சூடேறாது, நேரம்தான் பிடிக்கும். பத்து, இருபது என்றால் ஸ்க்ரோல் சா, அதாவது அதே மாதிரி பிளேடை மேலும் கீழும் ஓட்டும் மின் மெஷின். வேகத்தை மாற்றும் வசதி இல்லாத மெஷினை அக்ரிலிக்குக்காக வாங்கவே வேண்டாம். முழு வேகத்தில் ஓட்டினால் பிளேடு கடந்துபோன இடம் பின்னாலேயே உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். வெட்டியாயிற்று என்று தூக்கினால் துண்டு பிரியாது. பிளேடு நிமிடத்துக்கு 700 முதல் 1000 தடவைக்குள் ஏறி இறங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பொடிப்பல் பிளேடு நைசாக வெட்டும் என்று நினைப்பார்கள். இங்கே அது தப்பு: பல் நெருக்கமானால் தூள் வெளியேறாமல் சூடு ஏறும். இடைவெளி விட்ட பல் அமைப்புள்ள ‘ஸ்கிப் டூத்’ பிளேடில் 5-ம் நம்பர் 3 மி.மீ. ஷீட்டுக்குச் சரியாக இருக்கும். முனையில் ஊசி இல்லாத பிளேடு பொருந்தும் மெஷினாகவும் பாருங்கள். ஊசி வைத்ததற்குப் பெரிய ஓட்டை வேண்டும், சுழிக்குள் போகாது.

வெட்டும்போது ஷீட்டின் மேல் பேப்பரை உரிக்காதீர்கள். அதன்மேல் இரண்டு பக்கமும் பேக்கிங் டேப் ஒட்டி, படத்தை அதன்மேல் ஒட்டுங்கள். டேப் இருந்தால் உருகி ஒட்டுவது நன்றாகக் குறையும். உள்ஓட்டைகளை முதலில் வெட்டுங்கள், வெளி ஓரம் கடைசி. ஓட்டைக்குள் 2 மி.மீ. டிரில் போட்டு, பிளேடைக் கழற்றி நுழைத்து, பல் கீழ்நோக்கி இருக்கிறதா என்று பார்த்து முறுக்குங்கள். டிரில் பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில்தான் ஷீட் விரிசல் விடும். அதனால் அடியில் ஒரு பிளைவுட் துண்டு வைத்து, கடைசியில் அழுத்தத்தைக் குறையுங்கள்.

கையில் பிடித்து ஓட்டும் மின்வாளான ஜிக்சா பெரிய வளைவுகளுக்கு மட்டும். பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் ‘பெண்டுலம்’ பூஜ்யத்தில் இருக்கவேண்டும், இல்லையென்றால் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும்.

கம்ப்யூட்டர் சொல்படி சுழலும் பிட்டை நகர்த்தி வெட்டும் சிஎன்சி ரவுட்டர் தடித்த ஷீட்டுக்கு அருமை. பிட் ஒற்றை ஃப்ளூட்டாக, அதாவது ஒரே வெட்டுவாய் உள்ளதாக, இருக்கட்டும். 3 மி.மீ. பிட், 18,000 ஆர்பிஎம், நிமிடத்துக்கு 1800 மி.மீ. நகர்வு என்று தொடங்கலாம். மெதுவாக நகர்த்தினால் பத்திரம் என்று குறைத்தால் பிட் ஒரே இடத்தில் உரசி உருக்கும். உருண்ட பிட் என்பதால் உள்மூலை எதுவும் 1.5 மி.மீ. ஆரத்துக்குக் கூர்மையாக வராது.

கன்னியாகுமரியில் நினைவுப்பொருளாக விற்கும் அளவுக்கு, உள்ளங்கை உயரத்தில் வள்ளுவர் சிலை வேண்டுமா? அந்த மூன்று விரல் காட்டும் கை லேசரில்தான் தேறும். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குப் பூவேலை ஐம்பது வேண்டும் என்றாலும் அப்படியே. மெஷின் வாங்காமல், பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டக் கொடுப்பதே லாபம். சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) லேசரா என்று கேளுங்கள். நீல டயோடு லேசரின் ஒளி கண்ணாடிபோன்ற ஷீட்டை ஊடுருவிப் போய்விடும், வெட்டாது. ஃபைலில் தமிழ் எழுத்தை ‘கர்வ்’ ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிக் கொடுங்கள், அந்த ஃபான்ட் அங்கே இல்லையென்றால் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். ஒரே கோடு இரட்டையாக இருந்தால் அந்த இடம் இரண்டு தடவை எரியும். ஒன்றுக்குள் ஒன்று செருகும் வேலையானால் வெர்னியரில் தடிமனை அளந்துவிட்டு வரையுங்கள், 3 மி.மீ. என்று விற்பது 2.7 ஆகவும் இருக்கும்.

மிச்சம் கிடக்கும் சன்போர்டை, அதாவது பிவிசி ஷீட்டை, லேசரில் கொடுக்கவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வந்து நெஞ்சையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும்.

லேசரில் வெட்டிய ஓரத்தை ஸ்பிரிட், தின்னரால் துடைத்தால் மயிரிழை விரிசல்கள் ஓடும். சூட்டில் இறுகிய அழுத்தம் ஓரத்தில் தங்கியிருப்பதுதான் காரணம். சோப்புத் தண்ணீர் போதும். குளோரோஃபார்ம் போட்டு ஒட்டவேண்டியிருந்தால், முதலில் 80 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து, ஓவனுக்குள்ளேயே ஆறவிட்டு எடுங்கள். கையால் அறுத்த ஓரத்துக்கு உப்புத்தாள் 220, 400, 600, 1000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்க்கவேண்டும்.

குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் பிளேடு சீக்கிரம் துருப்பிடிக்கும். எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி டப்பாவில் மூடிவையுங்கள், வெட்டத் தொடங்குமுன் அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.