கரி எங்கே போச்சு? கரிப் படுகையும் பாறைப் பிளவும் பற்றிச் சில தவறுகள்

ரிக் வண்டி தோட்டத்தில் போர் போடும்போது கறுப்புத் தூளைக் கக்கினால் போதும், "கரி வந்துருச்சுங்க" என்று கொங்கு நாட்டில் நாலு பேர் கூடிவிடுவார்கள். வராது. நம் அடிப்பாறை பெரும்பாலும் 250 கோடி ஆண்டுப் பழசு. நிலக்கரியாக மாறுவதற்குக் காடே அப்போது பூமியில் இல்லை. அந்தத் தூள் சார்னக்கைட் மாதிரியான கருங்கல்லாகத்தான் இருக்கும்.

மோயாறு, பவானி ஓரமாகப் பாறை நசுங்கிய பட்டை ஓடுகிறது, 1900-இல் கோயம்புத்தூரில் பூமி குலுங்கியது, ஆகவே கரி கிடைக்கும் என்பது அடுத்த கணக்கு. பிளவு என்பது பாறை உடைந்து இரு பக்கமும் ஒன்றையொன்று விட்டு நழுவிய இடம்; அது கரியை உண்டாக்காது. கோதாவரி, தாமோதர் பள்ளத்தாக்குகளில் பிளவுகளுக்கு நடுவே தரை அமிழ்ந்ததால், பெர்மியன் காலச் (சுமார் 30 முதல் 25 கோடி ஆண்டுக்கு முந்தைய) சதுப்புக்காட்டுக் கரி அரிபடாமல் தப்பியது. அவ்வளவுதான்.

கரி இருக்கும் இடத்தில் நடக்கும் தவறுகள் இன்னும் சுவாரசியம். திருப்பூர் கட்டிங் டேபிளில் வெள்ளைத் துணி அடுக்கு, நடுவில் ஒன்று மட்டும் கறுப்பு என்று வையுங்கள்; வெள்ளை பாறை, கறுப்பு கரி, கத்தி வெட்டு பிளவு. கத்தியைச் சாய்வாக இறக்கி, வெட்டின் மேல் சாய்ந்திருக்கும் பாதியைக் கீழே வழுக்கவிடுங்கள். கறுப்பின் இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளி விழும். அங்கே துளை போடுவது மாதிரி கோணியூசியைக் குத்தினால் கறுப்பு படவே படாது. ஒற்றைத் துளையை நம்பி "கரி இல்லை" என்று எழுதுவது இதனால்தான். அதே பாதியை மேலே தள்ளினால் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்; ஊசி கறுப்பை இரண்டு தடவை தொடும். ஒரே படுகை (கரி அடுக்கு) இரண்டாகக் கணக்கில் ஏறி, இருப்பு காகிதத்தில் பெருத்துவிடும். மேலும் கீழும் உள்ள பாறை வரிசை அப்படியே திரும்ப வருகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும்.

கரி அறுபட்டதெல்லாம் பிளவும் இல்லை. பழைய ஆறு சதுப்பை அரித்து மணல் நிரப்பியிருக்கலாம். அப்படியானால் இரு பக்கமும் படுகை ஒரே மட்டத்தில் நிற்கும், நொறுங்கிய பாறை இருக்காது.

சுரங்கத்தில் படுகை திடீரென முடிந்தால், பிளவின் சாய்வைப் பாருங்கள். நம்மை விட்டு விலகிச் சரிந்து இறங்கினால் கரி கீழே. நம் பக்கம் சரிந்தால் மேலே. ஆனால் இது, துணியில் முதலில் பார்த்தது போல மேல் பாதி இறங்கிய பிளவுக்கு மட்டும். மேல் பாதி ஏறிய பிளவில் அப்படியே தலைகீழ்.