ரெஸ்யூமேல வேலை அனுபவத்தை இங்கிலீஷ்ல எழுதறது எப்படி: எந்த வாசகத்தை எங்க போடணும்?

பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு வேலை கஞ்சிக்கோட்டுல இல்லைன்னா கோயம்புத்தூர்ல, அதைவிட்டா கல்ஃப்ல. வேலையெல்லாம் நல்லா தெரியும், அதை இங்கிலீஷ்ல நாலு வரி எழுதச் சொன்னா பக்கத்து கடையில இருக்கிற பழைய ரெஸ்யூமேயைத்தான் பேர் மாத்தி எடுத்துட்டு வர்றாங்க. எங்க மாமா பையனுக்கு ரெஸ்யூமே எழுதினப்போ ஒவ்வொரு வாசகமா தேடிப் பார்த்துத்தான் எழுதினேன், அந்த வழியை இங்க போட்டுடறேன். வேர்ட்ல டைப் பண்றது, பிடிஎஃப் ஆக்குறதெல்லாம் தெரியும்னு வெச்சுக்கறேன்.

1. முதல்ல தமிழ்லயே எழுதுங்க

என்ன வேலை, எத்தனை வருஷம், எந்த மெஷின் இல்லைன்னா சாஃப்ட்வேர், உங்களால என்ன மாறுச்சு, இந்த நாலும் போதும். மாமா பையன் வாளையார்ல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல செக்போஸ்ட் பேப்பர் பார்த்துட்டு இருந்தான், 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்து வணிக வரி செக்போஸ்ட்டை எடுத்ததும் அந்த வேலையே இல்லாம போச்சு, அப்புறம் கஞ்சிக்கோட்டுல ஒரு ஸ்டீல் கம்பெனில டிஸ்பாட்ச், அதாவது சரக்கு அனுப்பற வேலை பார்க்க ஆரம்பிச்சான். இதைத் தமிழ்ல எழுதி வெச்சதுனாலதான் "மூவ்டு இன்டு டிஸ்பாட்ச்"னு நேரா ஒரு வரி கிடைச்சது. வேலை மாறினதை மறைக்க வேண்டியதே இல்லீங்க.

2. வருஷக் கணக்கு

"ஐ ஆம் ஹேவிங்" வேண்டாம், "ஐ ஹேவ்" போதும். "ஐ ஆம் ஒர்க்கிங் சின்ஸ் 2018" வேண்டாம், "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2018". ஆரம்பிச்ச வருஷத்தைச் சொன்னா "சின்ஸ்", எத்தனை வருஷம்னு சொன்னா "ஃபார்". ரெஸ்யூமேல "ஐ" போட வேண்டாம், கவரிங் லெட்டர்ல போடலாம்.

வருஷத்தை எழுதறதுக்கு முன்னாடி நீங்க எழுதப்போற மெஷினோ, சாஃப்ட்வேரோ, முறையோ எப்ப வந்ததுன்னு ஒரு தடவை யோசிங்க. மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கு இ-வே பில் (ஜிஎஸ்டில சரக்கு வண்டிக்கு ஆன்லைன்ல எடுக்கிற சீட்டு) கட்டாயம் ஆனது 2018 ஏப்ரல் 1ல, கேரளாவுக்கு உள்ளயே ஓடற சரக்குக்கு அதே மாசம் 15ல. இதுல 15 வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு எழுதினா இன்டர்வியூ எடுக்கிறவர் அந்த ஒரு வரியிலயே நம்பிக்கையை விட்டுடுவார். மொத்த சர்வீஸை டிஸ்பாட்ச்னு எழுதிட்டு இ-வே பில்லைத் தனியா எழுதுங்க.

3. எக்ஸ்பீரியன்ஸுக்குப் பின்னாடி என்ன வரும்: இன், வித், ஆஸ்

இதுலதான் எனக்கு ரொம்ப நேரம் போச்சு, அதனால மெதுவா சொல்றேன். தமிழ்ல "டேலி அனுபவம், டிஸ்பாட்ச் அனுபவம், சூப்பர்வைசரா அனுபவம்"னு முன்னாடி வார்த்தையைச் சேர்த்தா முடிஞ்சது. இங்கிலீஷ்ல எதுல அனுபவம்ங்கறதைப் பொறுத்துப் பின்னாடி வர்ற சின்னச் சொல் மாறும்.

துறை, செய்யற வேலைன்னா "இன்". "எக்ஸ்பீரியன்ஸ் இன் லாஜிஸ்டிக்ஸ்", "எக்ஸ்பீரியன்ஸ் இன் ஹேண்ட்லிங் எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட்ஸ்".

கையில எடுத்து வேலை செய்யற பொருள், மெஷின், சாஃப்ட்வேர்னா "வித்". "எக்ஸ்பீரியன்ஸ் வித் டேலி", "எக்ஸ்பீரியன்ஸ் வித் சிஎன்சி லேத்ஸ்". நம்ம பக்கம் எல்லாரும் "ஆன் டேலி", "ஆன் எஸ்ஏபி"ன்னு எழுதறாங்க, இந்தியாவுக்குள்ள யாரும் கேட்க மாட்டாங்க, வெளிநாட்டுக்கு அனுப்பினா "வித்"தே வெச்சுக்கங்க.

பதவின்னா "ஆஸ்", அதுக்கு அப்புறம் ஒரு "எ" கண்டிப்பா வேணும். "எக்ஸ்பீரியன்ஸ் ஆஸ் எ டிஸ்பாட்ச் சூப்பர்வைசர்". அந்த "எ" விட்டுப்போன ரெஸ்யூமேதான் நான் பார்த்ததுல அதிகம்.

அப்புறம், வேலை அனுபவத்துக்கு "எக்ஸ்பீரியன்ஸஸ்"னு எஸ் சேர்க்காதீங்க, அது வாழ்க்கையில நடந்த சம்பவங்களுக்குப் போடறது. எத்தனை கம்பெனி மாறினாலும் எக்ஸ்பீரியன்ஸ் ஒருமைதான்.

4. அளவுக்கு ஏத்த வாசகம்

ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு எடை இருக்கு. கீழ இருந்து மேல சொல்றேன்: பார்த்திருக்கேன், பேர் தெரியும்னா "ஃபெமிலியர் வித்". தேவைப்பட்டா சமாளிச்சுடுவேன்னா "ஒர்க்கிங் நாலெட்ஜ் ஆஃப்". நானே கையால செஞ்சிருக்கேன்னா "ஹேண்ட்ஸ்-ஆன் எக்ஸ்பீரியன்ஸ் வித்". யாரும் பக்கத்துல நிக்க வேண்டாம், தனியா முடிப்பேன்னா "ப்ரொஃபிஷியன்ட் இன்". பல வருஷம், பல இடம், சிக்கலான கேஸெல்லாம் பார்த்தாச்சுன்னா மட்டும் "எக்ஸ்டென்சிவ் எக்ஸ்பீரியன்ஸ் இன்".

நம்ம ஊர்ல பெருசா நினைச்சு எழுதற "குட் எக்ஸ்போஷர் டு" உண்மையில சின்ன வாசகம், அந்த வேலை நடந்த இடத்துல நானும் இருந்தேங்கற அளவுதான் சொல்லும். ஆறு வருஷம் வெல்டிங் பண்ணினவர் "எக்ஸ்போஷர் டு வெல்டிங்"னு எழுதிட்டு வந்தா எனக்கு மனசே ஆறாது, அது "ஹேண்ட்ஸ்-ஆன்".

நான் வெச்சிருக்கிற சோதனை இதுதான். எழுதின வாசகத்தைப் பார்த்து "எங்க, ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டா ஒரு நிஜ சம்பவம் உடனே வாயில வரணும், வரலைன்னா ஒரு படி கீழ இறங்கிடுங்க. "ப்ரூவன் ட்ராக் ரெக்கார்ட்" எழுதறவங்க அதே வரியில ஒரு நம்பரும் எழுதுங்க, லோடிங் டைம் எவ்வளவு குறைஞ்சதுங்கற மாதிரி. நம்பர் இல்லைன்னா அந்த வாசகத்தையே எடுத்துடலாம்.

5. பேச்சுக்கு மட்டும்

"அண்டர் மை பெல்ட்" (இவ்வளவு அனுபவம் கையில இருக்கு), "லேர்ன்ட் தி ரோப்ஸ்" (வேலையோட நெளிவு சுளிவு கத்துக்கிட்டேன்), "வோர் மெனி ஹேட்ஸ்" (பல பொறுப்பு பார்த்தேன்) இதெல்லாம் நல்ல வாசகங்கதான், ஆனா இன்டர்வியூல பேசறப்ப. ரெஸ்யூமேல போட்டா ஒட்டாது. "ஒர்க்டு மை வே அப் ஃப்ரம் ஹெல்ப்பர் டு சூப்பர்வைசர்" எனக்கு ரொம்பப் பிடிச்சது, கவரிங் லெட்டர்லயும் தாராளமா எழுதலாம். "ஜாக் ஆஃப் ஆல் ட்ரேட்ஸ்" மட்டும் உங்களைப் பத்தி நீங்களே சொல்லாதீங்க, எதுலயும் தேறாதவன்னு ஒரு அர்த்தம் அதுக்குள்ள இருக்கு.

6. சரியான்னு பார்க்கறது

நான் முதல்ல போறது ஸ்கெல் (SkELL), இங்கிலீஷ் சொல்லை எப்படிச் சேர்த்து எழுதறாங்கன்னு காட்டற வெப்சைட். லாகின் வேண்டாம், ஃப்ரீ, எக்ஸ்பீரியன்ஸ்னு அடிச்சு வேர்ட் ஸ்கெட்ச் போனா கூட வர்ற சொல்லெல்லாம் வரிசையா வந்துடும், போன்லயே பார்க்கலாம். அடுத்து கோகா (COCA)ங்கற சொல் தொகுப்பு, 1990ல இருந்து 2019 வரைக்குமான அமெரிக்க இங்கிலீஷ் 100 கோடி சொல்லுக்கு மேல இருக்கு, ஆனா ரெஜிஸ்டர் பண்ணணும், பழகக் கொஞ்சம் நாளாகும். அவசரம்னா கூகுள்ல முழு வாசகத்தையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க, வர்ற பக்கமெல்லாம் இந்திய ஜாப் சைட்டாவே இருந்தா அது நம்ம ஊர் வழக்கு.

கிராமர்லிங்கற திருத்தற ஆப் எழுத்துப்பிழைக்கு நல்லது, ஆனா "எக்ஸ்டென்சிவ்" உங்களுக்குப் பொருந்துமான்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஏஐ கிட்ட குடுத்தா "ஸ்பியர்ஹெடட்", "லெவரேஜ்டு"ன்னு அள்ளிப் போடுது, எனக்கு அது ஆகவே ஆகாது. "செட் அப்", "ரேன்", "ட்ரெய்ன்ட்", "ரெட்யூஸ்டு" மாதிரி நேரா இருக்கிற வினைச்சொல்தான் படிக்கிறவருக்கு வேலையைக் காட்டும்.

அப்டேட்: படிச்சுட்டு சில பேர் கேட்டதைச் சேர்த்துடறேன்.

"பாஸ்டு அவுட் இன் 2015" எழுதலாமான்னு கேட்டீங்க. வெளிநாட்டுல அதுக்கு மயங்கி விழுந்தான்னு அர்த்தம் எடுப்பாங்க. டிகிரின்னா "கிராஜுவேட்டட்", ஐடிஐ, டிப்ளமோன்னா "கம்ப்ளீட்டட்". "ஷிஃப்ட் இன்சார்ஜ்" உங்க சர்டிஃபிகேட்ல அப்படியே இருந்தா பதவிப் பேரை மாத்தாதீங்க, கீழ வரியில "சூப்பர்வைஸ்டு எ டீம் ஆஃப் எய்ட்"னு விளக்கிடுங்க.

இன்னொரு அப்டேட்: சித்தூர்ல இருந்து ஒரு அக்கா கேட்டது, எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். வீட்ல தமிழ், வெளிய மலையாளம் சரளமா பேசுவேன், ஆனா படிக்க எழுத வராது, லாங்வேஜஸ்ல என்ன போடறதுன்னாங்க. வெறுமனே "மலையாளம்"னு போட்டா ஆபீஸ்ல ஃபைலைக் கையில குடுத்துடுவாங்க. "தமிழ், நேட்டிவ்; மலையாளம், ஃப்ளூயன்ட், ஸ்போக்கன் ஒன்லி"ன்னு எழுதுங்கக்கா. தட்டுத்தடுமாறிப் பேசறவங்க "கான்வர்சேஷனல்" போடுங்க. கஞ்சிக்கோடு கம்பெனிகளுக்கு அனுப்பும்போது இந்த வரியைக் கடைசிப் பக்கத்துல தள்ளாதீங்க, பேருக்குக் கீழயே வைங்க, ரெண்டு பாஷைலயும் ஆளுங்களை வேலை வாங்கத் தெரிஞ்சவங்க அங்க வேணும்.