தமிழ் விக்கிப்பீடியாவில் நன்றி கூறும் முறை

2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவில், நாம் எழுதிய கட்டுரையின் சந்திப்பிழையை முகமறியாத ஒருவர் திருத்தியிருந்தால், புகுபதிகை செய்து (கணக்கில் உள்நுழைந்து), கட்டுரையின் மாற்றங்கள் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தில் அவருடைய தொகுப்பை (திருத்தத்தை) ஒட்டியுள்ள ‘நன்றி’ என்னும் இணைப்பைச் சொடுக்கி உறுதிப்படுத்துங்கள். அவருக்கு அறிவிப்புச் செல்லும்.

பேருதவிக்கு இது போதாது. சான்று தேடித் தந்தவரின் பேச்சுப் பக்கத்தில் (அவருடன் உரையாடுவதற்கான பக்கத்தில்), வெறுமனே நன்றி என்னாமல், ‘தாங்கள் சேர்த்த கல்வெட்டுச் சான்றால் அக்கோயிலின் காலம் பற்றிய என் ஐயம் தீர்ந்தது’ என்று செயலைச் சுட்டி எழுதி, நான்கு அலைக்குறிகளிட்டு (~~~~) ஒப்பமிடுங்கள்.

நம் வரிகளை ஒருவர் நீக்கியிருந்தால், சினந்து மீட்பதற்கு முன் தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்துடன் எழுதும் சிறு குறிப்பில்) அவர் கூறும் காரணத்தைப் படியுங்கள். விளங்காவிட்டால், கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் பணிவாகக் கேளுங்கள். புதியவரின் முதல் திருத்தத்துக்கு நன்றி கூறுவதை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். அவர்களில் பலர் அந்த ஒரு சொல்லுக்காகவே மீண்டும் வருகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.